பட்டியலில் பெயர் இருக்கிறது, உறுதி யார் கையில்?

வாசகர் கடிதத்துக்குச் சட்டத்தரணியின் பதில்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 37. பதினாறு வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள், மகன் சின்னவன். இறந்துபோன மாமனாரின் பெயரில் கொடுக்கப்பட்ட ஒரே லயக் காம்பராவில் (வரிசையாகக் கட்டிய தோட்டக் குடியிருப்பின் ஓர் அறையில்) இவர்களும் மாமியாரும் கொழுந்தனாரின் குடும்பமும் இருக்கிறார்கள். இஸ்தோப்பை (முன் விறாந்தையை) மறைத்துத்தான் சமையல்.

மூன்று வருடத்துக்கு முன் வீட்டுத்திட்டப் பட்டியலில் இவர் பெயர் வந்தது. அடிக்கல் நாட்டினார்கள், படம் எடுத்தார்கள். அந்த இடத்தில் இப்போது புல் வளர்ந்து கிடக்கிறது. போன மாதம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் வந்து, "லிஸ்ட்டை மாத்தி எழுதுறாங்க, பேர் நிக்கணும்னா ஐம்பதாயிரம் ஆகும்" என்றாராம். தோட்ட ஆபீசில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்களாம். காம்பராவை ஒப்படைப்பதாக அதில் எழுதியிருப்பதாக யாரோ சொன்னார்களாம். மாமியாரோ, வீடு வந்தால் உறுதி (சொத்துப் பத்திரம்) மகன் பெயரில்தான் எழுத வேண்டும் என்கிறார். கூட வேலை செய்த தோழி குவைத்துக்குக் கூப்பிடுகிறாள். ஆனால் செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில்) இருந்து பெயரை எடுத்தால் வீடும் போய்விடும், காம்பராவும் போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வீடு கட்டும் பணம் போதாவிட்டால், சம்பளத்தில் பிடித்து ஓய்வுக் காலத்துக்குச் சேர்க்கும் சேமலாப நிதியை எடுக்கலாமா, இல்லை கடன் வாங்கலாமா என்பது இன்னொரு கேள்வி. கடைசியில் ஒரு வரி: "பொறுமையா இருந்தா குடுப்பாங்களா, இல்ல நாங்களே ஏதாவது கட்டிக்கலாமா?"

அன்பான சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பயம்தான் இருக்கிறது. யாராவது மனம் வைத்தால்தான் வீடு, மனம் கோணினால் இல்லை என்ற பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் உங்களிடம் பணமும் கேட்கிறார்கள், கையெழுத்தும் கேட்கிறார்கள். அதனால் இந்த வீட்டுக்கான பணமும் காணியும் யாருடையவை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இது யாருடைய பணம், யாருடைய காணி?

நீங்கள் வேலை செய்யும் தோட்டம் கம்பனியின் சொந்தக் காணி என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. அது அப்படியில்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றை நடத்தும் பொறுப்பு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. கம்பனிகள் இன்று வைத்திருப்பது நீண்டகாலக் குத்தகை. காணியின் சொந்தக்காரர் அரசுதான். ஆகவே உங்களுக்கு வீட்டுக்கான 7 பேர்ச் (பேர்ச் என்பது காணி அளவு) ஒதுக்க வேண்டுமென்றால், குத்தகையில் இருக்கும் காணியிலிருந்து அந்தத் துண்டை விடுவித்து, அளந்து, வரைபடம் போட்டு, அரசின் சார்பில் உறுதி எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இத்தனை படி இருப்பதால்தான் இத்தனை இழுபறி. ஏதோ ஒரு படியில் உங்கள் கோப்பு நிற்கிறது. எந்தப் படியில் என்று கேட்பது உங்கள் உரிமை.

பணமும் பொதுப்பணம். மலையகத்தில் வீடுகள் பல வழியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அரசின் வரவு செலவுத் திட்ட ஒதுக்கீட்டில் கட்டியவை உண்டு. 'ட்ரஸ்ட்' என்று நாம் சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மூலம் கடனாகக் கட்டியவை உண்டு. இந்திய அரசின் நன்கொடையில் கட்டியவையும் உண்டு. இந்தியத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். முதல் 4,000 வீடுகளுக்கு வீடொன்றுக்கு 9.5 இலட்சம் ரூபா கொடுத்தார்கள். பிறகு சிமெந்து, கம்பி விலை எங்கேயோ போனதால் அடுத்த கட்டத்தில் தொகையைக் கூட்ட வேண்டி வந்தது. எந்த வழியாக வந்தாலும் அது இரண்டு நாட்டு மக்களின் வரிப்பணம். எந்தத் தொழிற்சங்கமும், எந்தக் கட்சியும், எந்தத் துரையும் (தோட்ட முகாமையாளரும்) தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. கிராமத்து மக்களுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு காணி கொடுத்துக் கொண்டிருந்த காலத்தில், பிரஜாவுரிமை இல்லாததால் நாம் அந்த வரிசையிலேயே நிற்க முடியவில்லை. மிஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்வதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை விலகியதும் 2018இல்தான். ஆகவே இந்த 7 பேர்ச்சைச் சலுகையாக நினைக்காதீர்கள். மற்றவர்களுக்கு எப்போதோ கிடைத்தது உங்கள் குடும்பத்துக்கு இவ்வளவு தாமதமாக வருகிறது.

அந்த ஐம்பதாயிரம் ரூபா

கொடுக்காதீர்கள். ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

பயனாளிப் பட்டியலில் பெயரைச் சேர்க்கவோ, வைத்திருக்கவோ கட்டணம் எதுவும் கிடையாது. அதிகாரி ஒருவருக்குக் கொடுப்பதற்கென்று சொல்லி அவர் கேட்டிருந்தால் அது இலஞ்ச விவகாரம். அவரே வைத்துக்கொள்வதற்கென்றால் அது மோசடி. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் பேசி முறையிடலாம். நாளைக்கும் அதே மலையில், அதே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அவரோடு முகம் பார்த்து வாழ வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உடனே முறைப்பாடு செய்யத் தயக்கமாக இருந்தால், முதலில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சரி அண்ணே, பற்றுச்சீட்டு குடுங்க, எந்த ஆபீசுக்குப் போகுதுன்னு எழுதிக் குடுங்க, எங்க வீட்டுக்காரர் வந்ததும் கட்டிடுறோம்." பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். அவர் சொன்ன திகதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பட்டியல் உண்மையிலேயே மாற்றப்படுகிறதா என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் பிரதேச செயலகத்துக்கும் பெருந்தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். எழுத வராதவர்கள் வாயால் சொன்னால், அதை எழுத்தில் பதிந்துகொள்வது தகவல் அதிகாரியின் கடமை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது.

இப்படிக் கேளுங்கள்: எங்கள் தோட்டத்துக்கு, எங்கள் டிவிசனுக்கு எத்தனை வீடுகள் ஒதுக்கப்பட்டன? பயனாளிப் பட்டியலின் பிரதியைத் தாருங்கள். பயனாளிகளைத் தெரிவு செய்யும் விதிகளின் பிரதியைத் தாருங்கள். காணியைக் கம்பனி விடுவித்துவிட்டதா? அளவை முடிந்ததா? அந்த இடத்துக்கான மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைத் தாருங்கள். வேலை ஏன் நிற்கிறது, மறுபடி எப்போது தொடங்கும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களுக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலோ மாறி, சில நேரம் வராமலே போய்விடுகிறது. லயத்துக்குத் தனி விலாசம் இல்லாததால் நம் மக்கள் இழந்தவை கொஞ்சமில்லை. நேர்முகக் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை, வேலைக்கான கடிதம் என்று எல்லாமே அதில் போயிருக்கின்றன. ஆகவே விண்ணப்பத்தில் டவுனில் இருக்கும் நம்பிக்கையான உறவினரின் அல்லது கடைக்காரரின் விலாசத்தை அவர்களுடைய சம்மதத்தோடு போடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைத் தொலைக்காமல் பிரதியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.

ஆங்கிலத் தாளில் கையெழுத்து

விளங்காத மொழியில் இருக்கும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். "தமிழ்ல குடுங்க, இல்லன்னா ஒரு பிரதி குடுங்க, வாசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. அது மரியாதைக் குறைவும் இல்லை.

அந்தத் தாளை நான் பார்க்கவில்லை. ஆனால் புதுவீட்டுக்குப் போகும்போது பழைய காம்பராவை ஒப்படைக்க வேண்டும் என்பது வீட்டுத்திட்டங்களில் வழக்கமாக வரும் நிபந்தனைதான். பழைய லயங்களை உடைத்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒப்படைப்பது எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "புதுவீடு கட்டி முடிந்து, தண்ணீரும் மின்சாரமும் வந்து, நான் குடிபோன பிறகு" என்று இருந்தால் யோசிக்கலாம். திகதி இல்லாமல் வெறுமனே "ஒப்படைக்கிறேன்" என்று இருந்தால், அத்திவாரமே இல்லாத வீட்டை நம்பி இருக்கிற கூரையை எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இதில் கொழுந்தனாரின் குடும்பமும் மாட்டிக்கொள்ளும். காம்பராவை நீங்கள் ஒப்படைத்தால் அவர்கள் எங்கே போவார்கள்? ஒரு காம்பராவுக்கு ஒரு வீடு என்று கணக்குப் போடுவதால், ஒரே காம்பராவில் இருக்கும் இரண்டாவது குடும்பம் பட்டியலில் விழாமல் போவது நம் தோட்டங்களில் அடிக்கடி நடக்கிறது. அவர்களைத் தனிக் குடும்பமாகக் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பிலும் சரிபார்த்து, தனியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இதை இப்போதே செய்தால்தான் நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் சண்டை வராது.

தோட்ட வேலையை விட்டால்?

மறுநாளே சாமானைத் தூக்கி வெளியே போடுவார்கள் என்று உங்களிடம் சொன்னது பிழை. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலை நிறுத்தப்பட்ட தொழிலாளியையும் அவரைச் சார்ந்தவர்களையும்கூட நீதிமன்ற உத்தரவில்லாமல் தோட்டக் குடியிருப்பிலிருந்து வெளியேற்ற முடியாது என்பது அதன் சாரம். தண்ணீரை நிறுத்துவது, கூரைத் தகரத்தைக் கழற்றுவது, பூட்டை மாற்றுவது போன்றவை நடந்தால் நேரே பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தைத் தோட்டக் குடியிருப்பாளர்கள் மேலும் பாவிக்கிறார்கள். அதன்படி முதலில் வெளியேறும்படி அறிவித்தல் வரும். குறைந்தது 30 நாள் தவணை கொடுப்பார்கள். அதற்குப் பிறகு நீதவான் நீதிமன்றம். அங்கே "எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்கோம்" என்று சொன்னால் எடுபடாது. செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ எழுத்திலான அதிகாரமோ இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எத்தனை தலைமுறையாக இருந்தாலும் காகிதம் இல்லாவிட்டால் நிலைமை இதுதான். எனக்கு மிகவும் வேதனை தரும் சட்டம் இது. அப்படி ஓர் அறிவித்தல் வந்தால் துரையிடமோ தலைவரிடமோ ஓட வேண்டாம். அன்றைக்கே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

வேலையை விடுவதால் பட்டியலில் பெயர் போகுமா என்பது வேறு கேள்வி. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்ய வேண்டுமா, குடியிருந்தால் போதுமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். அதனால்தான் தெரிவு விதிகளின் பிரதியை மேலே கேட்கச் சொன்னேன். அது கையில் வரும்வரை இராஜினாமாக் கடிதம் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

குவைத் பற்றி என் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். போகவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் இப்போது போவது நல்ல நேரமாக எனக்குப் படவில்லை. பட்டியல் சரிபார்க்கும்போதும், இடத்தைக் காட்டும்போதும், ஒப்பந்தம் எழுதும்போதும் பயனாளி நேரில் இல்லாவிட்டால் அந்த இடைவெளியில் இன்னொருவர் பெயர் நுழைந்துவிடலாம். மகளின் பரீட்சையும் வருகிறது. அப்படியும் போகத்தான் வேண்டுமென்றால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போங்கள். வீட்டு விவகாரத்துக்கு மட்டும் என்று வரையறுத்து, கணவருக்கு அற்றோர்னித் தத்துவப் பத்திரம் ஒன்றை நொத்தாரிசு முன்னால் எழுதிக் கொடுங்கள். வேலையை முறையாக விட்டால் உங்கள் 16 வருடச் சேவைக்குப் பணிக்கொடை உண்டு. நாட்சம்பளம் பெறுபவருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்கு. "தானா விட்டுப் போறவங்களுக்கு இல்ல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் அது அவருக்குச் சேர வேண்டிய பணம்.

உறுதி யார் பெயரில்?

மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர் பட்ட காலம் அப்படி. மாமனாருக்குப் பிறகு அந்தக் காம்பராவை விட்டுவிடாமல் காப்பாற்றியவர் அவராகத்தான் இருப்பார். மகன் பெயரில் இருந்தால் வீடு குடும்பத்தை விட்டுப் போகாது என்று நினைக்கிறார், அவ்வளவுதான். ஆனால் 'குடும்பத் தலைவர்' என்று போட்டு ஆணின் பெயரை மட்டும் எழுதும் பழக்கத்தால், கொழுந்து எடுத்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் கடைசியில் வாசலில் நின்ற வழக்குகளை நான் நடத்தியிருக்கிறேன்.

சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம் என்பது 1923ஆம் ஆண்டிலேயே சட்டமாகிவிட்டது. சொத்து மகனுக்குத்தான் என்பதும் சட்டம் இல்லை. மலையகத் தமிழருக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை பொருந்தாது, பொதுச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி கணவன் மனைவியில் ஒருவர் இறந்தால் பாதி மற்றவருக்கு, மீதி பிள்ளைகளுக்கு. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு.

என் யோசனை, இருவர் பெயரிலும் கூட்டாக எழுதும்படி இப்போதே எழுத்தில் கேளுங்கள். பட்டியலில் இருப்பது உங்கள் பெயர், செக்ரோலில் இருப்பதும் உங்கள் பெயர். கணவரைச் சேர்த்துக்கொள்வது நீங்கள் செய்யும் விட்டுக்கொடுப்பு என்பது வீட்டில் எல்லோருக்கும் விளங்கட்டும். மாமியாருக்கு, அவர் இருக்கும்வரை அந்த வீட்டில் இடம் உண்டு என்று நீங்களும் கணவரும் அவர் முன்னால் சொல்லுங்கள். அவர் கேட்பது பெரும்பாலும் அந்த உறுதிமொழியைத்தான்.

கூட்டு உறுதி கேட்கும்போது திருமண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட திருமணமென்றால் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம், உங்கள் அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சி, சேமலாப நிதி அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 'லெட்சுமி', ஒன்றில் 'லக்ஷ்மி', இன்னொன்றில் அப்பா பெயரே மாறியிருக்கும். பேர் பதிந்தவர் தன் காதில் விழுந்தபடி எழுதியதற்கு நம் மக்கள் இன்றுவரை அலைகிறார்கள். உறுதி எழுதும் நாளில் இந்தப் பிழை தெரிந்தால் கோப்பு திரும்பிப் போகும். ஆகவே சத்தியக் கடதாசி முடிப்பதோ, பதிவாளரிடம் திருத்துவதோ, எதுவானாலும் இந்தக் காத்திருப்புக் காலத்தில் செய்துவிடுங்கள்.

உறுதி என்று நான் சொல்வதையும் தெளிவாக்க வேண்டும். மேடையில் வைத்துக் கொடுக்கும் அழகான அட்டை எல்லாம் உறுதி ஆகிவிடாது. அதில் வரைபட இலக்கமும் காணித்துண்டு இலக்கமும் இருக்க வேண்டும், காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 'ட்ரஸ்ட்' கடனில் வீடு கட்டி, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து, தவணை முழுக்கக் கட்டி முடித்தும் உறுதி கிடைக்காத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் சாவி இருக்கிறது, காணி இல்லை. கையில் பத்திரம் வந்ததும் பதிவகத்தில் ஏட்டைப் பார்வையிடுங்கள். விற்கவோ ஈடு வைக்கவோ தடை இருக்கிறதா என்ற நிபந்தனைகளையும் வாசியுங்கள். அப்படித் தடை இருந்தால் வருத்தப்பட வேண்டாம். வட்டிக்காரரிடமிருந்து உங்கள் வீட்டைக் காப்பாற்றப் போவது அதுதான்.

பணம் போதாவிட்டால்

சேமலாப நிதியிலிருந்து வீட்டுக்காக 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். பத்து வருடமாவது பங்களிப்புச் செய்திருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா இருக்க வேண்டும். எடுக்கக்கூடியது அதிகபட்சம் 20 இலட்சம். தொழில் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் வீடு கட்டவென்று கேட்டால் காணியின் ஆவணத்தைக் கேட்பார்கள். உறுதி இல்லாமல் அங்கே போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். எடுக்கும் பணம் உங்கள் முதுமைக் காலத்துப் பணம் என்பதையும் மறக்க வேண்டாம். சுவர் எழுப்ப, கூரை போட எடுங்கள். மாபிள் பதிக்க எடுக்காதீர்கள்.

இதற்கு முன் செய்ய வேண்டியது, உங்கள் கணக்கில் எல்லா மாதமும் பணம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. நீங்கள் 8 சதவீதம், தோட்டம் 12 சதவீதம். இடையில் கட்டாமல் விட்ட மாதங்கள் இருந்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

வாரத் தவணைக்குப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் நுண்கடன் பக்கம் போகாதீர்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால் லயத்துக்குள் முகம் கொடுத்துப் பேசாமல் போன குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள். வீடு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, அந்தக் கடன் வேண்டாம்.

நாமே கட்டிக்கொள்ளலாமா?

உங்கள் கடைசிக் கேள்வி இதுதான். புல் வளர்ந்த அந்த இடத்தில் தகரம் போட்டு ஏதாவது எழுப்பிக்கொள்ளலாமா என்கிறீர்கள். உங்கள் அவசரம் விளங்குகிறது. வயதுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுப்பது எவ்வளவு வதை என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இப்போது கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதல் காரணம் சட்டம். காணி விடுவிக்கப்படாமல் கட்டினால், அத்துமீறிக் கட்டியதாகச் சொல்லி நான் மேலே சொன்ன 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுப்பார்கள். பட்டியலில் நல்ல பெயரோடு இருக்கும் நீங்கள் வழக்கில் பிரதிவாதியாகிவிடுவீர்கள்.

இரண்டாவது காரணம் அந்த இடமே. மேலே செங்குத்தான தேயிலை மலை, கீழே ஓடை, மழைக்காலத்தில் ஊற்று வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது எனக்கு மனம் பதறியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது நமக்குத் தெரியும். அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலிலும் மலையகம் எத்தனை உயிரைக் கொடுத்தது. நம் மாவட்டத்தில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி வேண்டும். அரசுத் திட்டமென்றாலும் அது வேண்டும். உங்கள் இடத்துக்கு அந்த அறிக்கை இருக்கிறதா, அதில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்பதைத் தகவல் விண்ணப்பத்தில் கட்டாயம் கேளுங்கள். வேலை நிற்பதற்குக் காரணமே அதுவாகவும் இருக்கலாம். அறிக்கை பாதகமாக வந்தால், அந்த இடத்துக்காகப் போராடாமல் மாற்று இடம் கேளுங்கள். பட்டியலில் இருக்கும் மற்றக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே விண்ணப்பமாகக் கேட்டால் பலம். தலைவர் வராவிட்டாலும் பரவாயில்லை, மாதர் சங்கத்துப் பெண்கள் சேர்ந்தாலே போதும்.

காம்பராவில் ஒழுகும் கூரையையும் உடைந்த கழிப்பறையையும் பற்றியும் எழுதியிருந்தீர்கள். புதுவீடு வரப்போகிறது என்ற சாட்டில் பழையதைத் திருத்தாமல் விட நிர்வாகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் அனுப்புங்கள்.

அந்த ஆங்கிலத் தாளைக் கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள். வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி அனுப்புகிறேன். அதுவரை கையெழுத்து வேண்டாம்.